மேற்குக் கரையின் பெயர்கள்

லக்சர் நகரில் நைல் நதியைப் படகில் கடக்கச் சில நிமிடங்கள் போதும். பண்டைய எகிப்தியருக்கோ அது ஓர் உலகத்தை விட்டு இன்னோர் உலகத்துக்குப் போகும் தூரம். சூரியன் எழும் கிழக்குக் கரையில் கடவுளரின் பெருங்கோயில்கள், அரண்மனைகள், தெருக்கள். சூரியன் விழும் மேற்குக் கரையில் மன்னர்களின் கல்லறைகள், இறந்த பின் அவர்களுக்குப் படையல் நடந்த கோயில்கள். விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரு சிறு சுற்றுலாக் குழு மேற்கே கரையேறியபோது வானத்தில் வெப்பக்காற்றுப் பலூன்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. சாலையின் இருபுறமும் கரும்பு. கழுதை வண்டிகளில் தீவனப் புல் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பச்சை மெல்லக் குறைந்து முடிவதில்லை, சட்டென்று அறுந்துவிடுகிறது. ஒரு காலை வயலிலும் மறு காலை மணலிலும் ஊன்றி நிற்கலாம். மணலுக்கு அப்பால் வெளிறிய சுண்ணாம்புக்கல் மலை. அதன் உச்சியான அல்-குர்ன் இயற்கையாகவே பிரமிடு வடிவில் நிற்கிறது. பிரமிடு கட்டும் வழக்கத்தைக் கைவிட்ட காலத்து மன்னர்கள் இந்த மலையடியைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த வடிவமும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

குழுவின் வழிகாட்டி, லக்சருக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் இருக்கும் கிஃப்த் ஊர்க்காரர். 1890-களில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி அந்த ஊரில் அகழாய்வு செய்தபோது, மண்ணடுக்கு குலையாமல் தோண்டுவதற்கு உள்ளூர் ஆட்களைப் பழக்கினார். அந்தக் கைத்திறம் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்தது. எகிப்தின் அகழாய்வுக் குழிகளில் நெடுங்காலம் மேஸ்திரிகளாக நின்றவர்கள் கிஃப்த்காரர்களே. இந்த வழிகாட்டியின் தாத்தாவும் குழியில் கூடை சுமந்து தொழில் கற்றவர். பேரன் பல்கலைக்கழகத்தில் எகிப்தியல் படித்து, சித்திர எழுத்தைச் சரளமாக வாசிக்கிறார்.

வண்டியில் அவர் முதலில் சொன்னது மன்னர்களின் வரிசையை அல்ல. “ஒரு மனிதனுக்கு உடம்பு, உயிராற்றல், ஆன்மா, நிழல், பெயர் எல்லாம் சேர்ந்தால்தான் முழுமை என்று எங்கள் முன்னோர் நம்பினார்கள். பெயரை யாராவது உச்சரித்துக்கொண்டே இருந்தால் அவன் இருக்கிறான். பெயரைச் சுரண்டிவிட்டால் மறுபடியும் சாகிறான். இன்று பார்க்கப்போகிற எல்லா இடங்களிலும் நடந்தது இந்தப் பெயருக்கான போராட்டம்தான்.” அன்று முழுக்க அந்தச் சொற்கள் குழுவோடு கூடவே வந்தன.

முதல் சான்று சாலையோரத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. மெம்னான் சிலைகள் இரண்டும் ஏறக்குறைய 18 மீட்டர் உயரம். கைகளை முழங்காலில் வைத்து, கிழக்கே பார்த்தபடி அமர்ந்திருக்கும் இந்த உருவங்களுக்கான கல், வடக்கே இன்றைய கெய்ரோவுக்கு அருகிலுள்ள பாறைகளிலிருந்து வந்தது என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் இவற்றை வைத்தவன் மூன்றாம் அமென்ஹோதெப். இவற்றின் பின்னால் அவன் எழுப்பிய கோயில் மேற்குக் கரையிலேயே பெரியது. நிலநடுக்கத்தில் அது சரிந்தது, வெள்ளம் மிச்சத்தைக் கரைத்தது, பின்வந்த மன்னர்கள் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். வாசல் காத்த இரண்டு உருவங்கள் மட்டும் வெட்டவெளியில் தங்கின.

கி.மு. 27-இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் வடக்குச் சிலை பிளந்தது. அதன்பின் விடியற்காலைகளில் அதிலிருந்து ஒரு மெல்லிய ஒலி கேட்கத் தொடங்கியது. இரவுக் குளிரில் ஈரம் குடித்த கல், வெயில் பட்டதும் விரிந்து எழுப்பிய ஒலியாக இருக்கலாம். கிரேக்கர்களோ ட்ராய் போரில் மாண்ட வீரன் மெம்னான், தன் தாயான விடியல் தேவதையைக் கண்டதும் அழைக்கிறான் என்று கொண்டார்கள். புவியியலாளர் ஸ்ட்ராபோ வந்து கேட்டார். கி.பி. 130-இல் ரோமப் பேரரசர் ஹேட்ரியன் மனைவி சபினாவோடு வந்தார். அவர்களுடன் வந்த ஜூலியா பால்பில்லா என்ற கவிஞர், கேட்ட அனுபவத்தைப் பாட்டாக்கிச் சிலையின் காலிலேயே பொறிக்க வைத்தார். சிலையின் கால்களில் கிரேக்கத்திலும் லத்தீனிலும் நூற்றுக்கும் மேற்பட்ட பொறிப்புகள் இருக்கின்றன. பிறகு ரோமர் காலத்திலேயே பிளவை ஒட்டிக் கல் அடுக்கியதும் ஒலி நின்றுபோனது. இரண்டாயிரம் ஆண்டுகளாக உலகம் மெம்னான் என்றே அழைக்கிறது. சிலையை வைத்த மன்னனின் பெயர் அரியணையில் அழியாமல் இருந்தும், அதை வாசிக்க ஆளில்லாமல் போனது. 1998 முதல் தொல்லியலாளர் ஹூரிக் சூரூஸியான் தலைமையில் ஒரு குழு அந்த வயல்வெளியில் அமென்ஹோதெப்பின் கோயிலைத் துண்டு துண்டாக மீட்டுவருகிறது. புதைந்து கிடந்த வேறு பெருஞ்சிலைகள் இன்று பின்னால் எழுந்து நிற்கின்றன.

மன்னர்களின் பள்ளத்தாக்கில் ஒரு செடிகூடக் கிடையாது. வெள்ளைப் பாறை வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கிறது. கி.மு. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் எகிப்தின் மன்னர்கள் இந்தப் பாறைக்குள் தங்களை மறைத்துக்கொண்டார்கள். இதுவரை அறுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகளும் குழிகளும் எண்ணிடப்பட்டிருக்கின்றன. கல்லறைக்குள்ளே வழிகாட்டிகள் நின்று விளக்கம் சொல்ல அனுமதியில்லை. கூட்டம் தேங்கினால் மூச்சின் ஈரம் வண்ணங்களைக் கெடுக்கும். அதனால் கிஃப்த்காரர் வெளியே விளக்கப் பலகையின் முன் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, “உள்ளே போனதும் மேலே பாருங்கள்” என்று அனுப்பிவைத்தார்.

ஆறாம் ராம்செஸின் கல்லறை, ஐந்தாம் ராம்செஸ் தொடங்கியது. பின்வந்தவன் அதையே தனக்காக நீட்டிக்கொண்டான். நூறு மீட்டருக்கு மேல் நேராக மலைக்குள் இறங்கும் நடைபாதையின் சுவர்களில் ஒரு விரல் இடம்கூட வெறுமையாக இல்லை. மன்னன் இறந்த பின் சூரியனோடு படகேறி, இரவின் பன்னிரண்டு மணிநேரங்களைக் கடக்கும் பயணம் அது. தலையற்றவர்கள், கட்டுண்ட பகைவர்கள், சீறும் பாம்புகள், நெருப்பு ஏரிகள் என்று ஒவ்வொரு மணிக்கும் ஒரு வாயில். கடைசி அறைக்குள் நுழைந்து அண்ணாந்தால், வான்தேவதை நூத் இரண்டு முறை நீண்டு கிடக்கிறாள், ஒரு உருவம் பகலுக்கும் மற்றது இரவுக்குமாக. இருண்ட பின்னணியில் பொன்மஞ்சள் உடல். மாலையில் சூரியனை வாயால் விழுங்குகிறாள், அது உடலுக்குள் பயணம் செய்கிறது, காலையில் பிள்ளையாகப் பிறக்கிறது. சாவைக் கண்டு பயந்த ஒரு நாகரிகம், அந்தப் பயத்துக்கு இத்தனை அழகான விடையைத் தேடிக்கொண்டது என்பதை அந்தக் கூரையின் கீழ் நிற்கும்போதுதான் முழுதாக உணர முடிகிறது. படங்களில் இது வருவதில்லை.

இவ்வளவையும் எந்த வெளிச்சத்தில் வரைந்தார்கள்? முறுக்கிய துணித் திரிகளைக் கொழுப்பில் தோய்த்து எரித்தார்கள். திரிகளைக் களஞ்சியத்திலிருந்து எண்ணித்தான் கொடுத்தார்கள். முற்பகலுக்கு எத்தனை, பிற்பகலுக்கு எத்தனை என்ற கணக்கு சுண்ணாம்புக்கல் சில்லுகளில் எழுதப்பட்டு இன்றும் கிடைக்கிறது. செம்பு உளிகளை எடை போட்டுக் கொடுத்து எடை போட்டே திரும்ப வாங்கினார்கள். ஒருவர் சிவப்பு மையால் கோடு இழுப்பார், மூத்தவர் கறுப்பு மையால் திருத்துவார், பிறகு சிற்பி செதுக்குவார், கடைசியில் வண்ணம். ஹோரெம்ஹெபின் முடிவடையாத கல்லறையில் இந்தப் படிகள் அத்தனையும் நின்ற நிலையில் நிற்கின்றன. மன்னன் இறந்ததும் வேலை பாதியில் நின்றுபோன சுவர் அது.

ஆறாம் ராம்செஸின் சுவரோவியங்களின் மேலேயே வேறு கைகள் கீறிய எழுத்துகள் இருக்கின்றன. கிரேக்க, ரோமர் காலத்திலேயே இந்தப் பள்ளத்தாக்கு சுற்றுலாத் தலம். திறந்து கிடந்த கல்லறைகளுக்குள் தீப்பந்தம் ஏந்திப் போனவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கீறல்களை விட்டுச் சென்றார்கள். வந்தேன், பார்த்தேன், வியந்தேன் என்பதே பெரும்பாலும் செய்தி. அவற்றினூடே தமிழ்-பிராமி எழுத்துகளும் உண்டு என்பதை ஷார்லட் ஷ்மிட், இங்கோ ஷ்ட்ராவ்ஹ் என்ற இரு ஆய்வாளர்கள் அண்மையில் வாசித்து அறிவித்திருக்கிறார்கள். சிகை கொற்றன் என்ற பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லறைகளில் காணப்படுகிறது. இதை வழிகாட்டியிடம் சொன்னபோது அவர் வியக்கவில்லை, மகிழ்ந்தார். அவர் ஊரான கிஃப்த்தான் பண்டைய கோப்டோஸ். முசிறியிலிருந்தும் பிற துறைமுகங்களிலிருந்தும் செங்கடலுக்கு வந்த மிளகும் துணியும் தந்தமும் ஒட்டகத்தில் கிழக்குப் பாலைவனத்தைக் கடந்து கோப்டோஸில் நைல் படகு ஏறின. செங்கடல் கரையின் குசேர் அல்-காதிமில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ்-பிராமியில் கீறப்பட்ட பானையோடுகள் கிடைத்திருக்கின்றன. கோப்டோஸ் வரை வந்த வணிகனுக்கு இந்தப் பள்ளத்தாக்கு தூரமே இல்லை. சரக்கு இறக்கிய பின் புகழ்பெற்ற கல்லறைகளைப் பார்க்க வந்து, கிரேக்கன் செய்ததைப் பார்த்துத் தானும் பெயரைக் கீறியிருப்பான். ஓவியத்தின் மேல் கீறுவது இன்று குற்றம். ஆனால் அந்தக் கீறல் இல்லாவிட்டால் அந்த மனிதனைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

இந்தப் பெரிய வாயிலுக்குச் சற்றுக் கீழே, கவனிக்காமல் கடந்துபோகும்படி சிறிதாக இருக்கிறது துட்டன்காமனின் வாயில். பத்தொன்பது வயதளவில் இறந்த இளைஞன். அவனுடைய கல்வெட்டுகளில் ஹோரெம்ஹெப் தன் பெயரை வெட்டிக்கொண்டான். அபிதோஸ் கோயிலில் முதலாம் சேத்தி பொறித்த மன்னர் பட்டியலில் துட்டன்காமனுக்கு இடமே தரப்படவில்லை. புதைத்த கொஞ்ச காலத்தில் திருடர்கள் இருமுறை நுழைந்தும், காவலர்கள் அடைத்து முத்திரையிட்டார்கள். பிறகு ஆறாம் ராம்செஸுக்கு மலையைக் குடைந்தவர்கள் கல்லைக் கொட்டியதும் குடிசை போட்டதும் இந்த வாயிலின் மேல்தான். 1922 நவம்பர் 4-ஆம் தேதி தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டரின் ஆட்கள் அந்தக் குடிசைகளின் அடியில் முதல் படியைக் கண்டார்கள். உள்ளே இருந்தவை 5,398 பொருள்கள். வெளியே எடுத்து முடிக்கப் பத்து ஆண்டுகள் ஆயின. பொற்செல்வம் இப்போது கீசாவில் 2025 நவம்பரில் முறையாகத் திறக்கப்பட்ட மாபெரும் எகிப்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. துட்டன்காமன் மட்டும் இங்கேயே கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கிறான், கறுத்த சிறிய உடலாக. பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவனின் பெயரைத்தான் இன்று உலகின் எந்தப் பள்ளிக்குழந்தையும் சொல்லும்.

மற்ற மன்னர்கள் தப்பவில்லை. ஒன்பதாம் ராம்செஸ் காலத்துத் திருட்டு வழக்கின் பாப்பிரஸ் சுருள்கள் கிடைத்திருக்கின்றன. அமென்பனுஃபர் என்ற கல்தச்சன் கொடுத்த வாக்குமூலம் அவற்றில் உண்டு. கூட்டாளிகளோடு ஒரு பழைய மன்னனின் கல்லறையைக் குடைந்து, மன்னன், அரசி இருவரின் உடலிலிருந்தும் தங்கத்தை உரித்து, பேழைகளுக்குத் தீ வைத்திருக்கிறார்கள். பிடிபட்டதும் தன் பங்குத் தங்கத்தை ஓர் எழுத்தரிடம் கொடுத்து வெளியே வந்ததையும் அவன் மறைக்கவில்லை. நாடு தளர்ந்து, கூலி நின்று, பசி வந்த காலம் அது.

பின்னர் பூசாரிகள் எஞ்சிய மன்னர்களின் உடல்களைத் திரட்டி, துணி மாற்றிச் சுற்றி, டேர் எல்-பஹ்ரி மலையிடுக்கில் ஒரு குழிக்குள் ஒளித்தார்கள். பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு உள்ளூர் அப்துல் ரசூல் குடும்பத்தார் அதைக் கண்டுபிடித்துச் சத்தமில்லாமல் பொருள்களை விற்றுவந்தார்கள். 1881-இல் செய்தி அதிகாரிகளுக்கு எட்டியது. அவர்களுள் ஒருவரான எமில் புரூக்ஷ் இறங்கிப் பார்த்தபோது இரண்டாம் ராம்செஸ், முதலாம் சேத்தி, மூன்றாம் துத்மோஸ் என்று பேரரசர்கள் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். யார் யாரென்று சொன்னது தங்கமோ சிற்பமோ அல்ல. உடல்களை இடம் மாற்றியபோது பேழை மூடியிலும் துணியிலும் பூசாரிகள் மையால் எழுதிவைத்த குறிப்புகள்தாம். அரச உடல்கள் படகில் கெய்ரோ போனபோது கரையோரக் கிராமத்துப் பெண்கள் தலைவிரித்து ஒப்பாரி வைத்ததாகப் பதிவு இருக்கிறது. 1976-இல் இரண்டாம் ராம்செஸின் உடலைப் பாரிசுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது மூக்குத் துவாரங்களில் மிளகு இருந்தது. மூக்கின் வடிவம் கெடாதிருக்க வைத்தது. கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் மிளகு விளைந்தது தென்னிந்திய மலைச்சரிவுகளில். அது எத்தனை கைகள் மாறி இங்கே வந்ததோ!

அந்த மலையிடுக்கின் கீழேயே ஹத்ஷெப்சுத்தின் கோயில். முந்நூறு அடி செங்குத்துப் பாறை பின்னால் எழ, முன்னால் மூன்று அகன்ற மேடைகள், அவற்றை இணைக்கும் சரிவுப் பாதை, வரிசைத் தூண்கள். மலையை மறைக்காமல், மலையோடு போட்டியிடாமல், அதன் நீட்சியாகவே கட்டடத்தை நிறுத்தியிருக்கிறார்கள். எகிப்தில் பார்க்கக் கிடைக்கும் கட்டடங்களில் மனத்துக்கு மிகவும் நிறைவளிப்பது இதுவே.

ஹத்ஷெப்சுத் கி.மு. 15-ஆம் நூற்றாண்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் எகிப்தை ஆண்டவர். சிறுவனான மூன்றாம் துத்மோஸின் பெயரில் ஆட்சி நடத்தத் தொடங்கி, பிறகு தானே முடிசூடிக்கொண்டார். சிற்பங்களில் ஆண் மன்னரின் உடையும் ஒட்டுத்தாடியும் அவருக்கு உண்டு. இரண்டாம் மேடையின் சுவரில் அவர் செங்கடல் வழியே புன்ட் நாட்டுக்கு அனுப்பிய கப்பல்கள் வருகின்றன. கால்களின் மேல் நிற்கும் குடிசைகள், ஏணி, பருத்த உடல்கொண்ட அந்நாட்டு அரசி, நீருக்குள் செங்கடல் மீன்கள் எல்லாம் நேரில் கண்டவர் சொல்லித் தீட்டியவை. நறும்பிசின் மரங்களை வேரும் மண்ணுமாகக் கூடையில் வைத்து, கழியில் கட்டி ஆட்கள் சுமக்கிறார்கள். உயிருள்ள மரத்தைக் கடல் கடந்து கொண்டுவந்து நடும் முயற்சிக்கு இதைவிடப் பழைய படம் கிடைப்பது அரிது.

அதே சுவர்களில் வேறொன்றும் தெரிகிறது. கடவுளின் எதிரே நிற்க வேண்டிய உருவம் இருக்காது. கொத்தி எடுத்த தழும்பு மட்டும், ஆள் வடிவத்திலேயே. ஹத்ஷெப்சுத் இறந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மூன்றாம் துத்மோஸ் அந்தப் பெயரையும் உருவத்தையும் நீக்கச் சொன்னான். பழிவாங்கல் என்றால் அத்தனை காலம் ஏன் காத்திருந்தான்? தன் மகனின் வாரிசுரிமைக்கு இடையூறு வரக்கூடாது என்ற அரசியல் கணக்கே பொருத்தமாகப் படுகிறது. சில இடங்களில் மேலே தெரிந்ததை மட்டும் கொத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். பெண்பால் விகுதிகள் தப்பின. 1829-இல் சித்திர எழுத்தை வாசித்தபடி வந்த பிரெஞ்சு அறிஞர் சம்போலியோன், தாடி வைத்த மன்னனுக்குப் பெண்பால் சொற்கள் ஏன் என்று குழம்பினார். அந்தக் குழப்பத்திலிருந்துதான் ஹத்ஷெப்சுத் மெல்ல மெல்ல மீண்டார். 1920-களில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகக் குழு, கோயிலருகே குழிகளில் எறியப்பட்டிருந்த சிலைத் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டியது. இன்று மேல் மேடையில் அவருடைய முகம் வரிசையாக வரவேற்கிறது.

மதிய உணவு ஒரு கிராமத்து வீட்டு முற்றத்தில். வெயிலில் வைத்துப் புளிக்கவிட்டுச் சுடும் ஷம்சி ரொட்டி, முலூக்கியா கீரைக்குழம்பு, தக்காளி.

அடுத்து டேர் எல்-மதீனா. பேருந்துகள் பல இங்கே நிற்பதில்லை. அது பெரிய இழப்பு. மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்தவர்களும் வரைந்தவர்களும் தலைமுறை தலைமுறையாக ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் வாழ்ந்த கிராமம் இது. ஒரே தெருவின் இருபுறமும் ஏறக்குறைய எழுபது வீடுகளின் அடிச்சுவர்கள். வாசல் அறை, நடு அறை, அடுப்படி, மாடிக்கு ஏறும் படி எல்லாம் கண்டுபிடிக்க முடிகிறது. எட்டு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. வேலை நாள்களில் மலைமேட்டிலேயே கற்குடிசைகளில் தங்குவார்கள். கூலி கோதுமையும் பார்லியும்.

பிரெஞ்சு அகழாய்வாளர் பெர்னார் ப்ரூயேர் 1922-இலிருந்து முப்பதாண்டு அளவில் இங்கே தோண்டினார். ஊருக்கு வெளியே ஒரு பெரும் குழியிலிருந்து எழுத்துள்ள சில்லுகள் ஆயிரக்கணக்கில் வந்தன. மன்னர்கள் தங்கத்தில் விட்டுச் சென்றதைவிட அதிகமான வாழ்க்கை அந்தக் குப்பையில் இருக்கிறது. சலவைப் பட்டியல், காதல் பாட்டு, கழுதை வாடகைத் தகராறு, மந்திரம். இரண்டாம் ராம்செஸின் நாற்பதாம் ஆண்டு விடுப்புப் பதிவேடு லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒவ்வொருவரும் ஏன் வேலைக்கு வரவில்லை என்பதற்கு எதிரே காரணம். தேள் கொட்டியது, கண் வலி, தாயை அடக்கம் செய்யப் போனான், பீர் காய்ச்சினான், வீட்டில் பெண்ணுக்கு மாதவிலக்கு. நௌநக்தே என்ற மூதாட்டி கி.மு. 12-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த உயிலும் இந்த ஊருடையது. தள்ளாத வயதில் கவனிக்காத பிள்ளைகளுக்குத் தன் சொத்தில் பங்கில்லை என்று சாட்சிகளின் முன் பெயர் சொல்லி நீக்கினார். 

அந்தத் தொழிலாளர்கள் ஓய்வு நாள்களில் தங்களுக்கும் கல்லறை வெட்டிக்கொண்டார்கள். அவர்களுள் ஒருவரான சென்னெட்ஜெமின் 1886-இல் திறந்த கல்லறை அறை மிகச் சிறியது, ஒரு நேரத்தில் சிலரே நிற்க முடியும். மஞ்சள் பின்னணியில் அவரும் மனைவி இய்னெஃபெர்தியும் மறுமையின் வயலில் மாடு பூட்டி உழுகிறார்கள், கதிர் அறுக்கிறார்கள், இருவரும் வெள்ளை வெளேரென்ற விழாக்கால உடையில். மன்னனின் மறுமையில் பாம்பும் நெருப்பும். தொழிலாளியின் மறுமையிலோ தண்ணீர் வற்றாத வாய்க்கால், காய்த்துத் தொங்கும் மரங்கள், பக்கத்தில் மனைவி. வண்ணங்கள் நேற்றுத் தீட்டியவை என்றே சொல்லலாம். அன்றைய நாளில் குழுவில் எல்லோரும் அதிக நேரம் பேசாமல் நின்ற இடம் அதுதான்.

மூன்றாம் ராம்செஸின் இருபத்தொன்பதாம் ஆட்சியாண்டில், கி.மு. 1150-களில், கூலித் தானியம் வாரக்கணக்கில் வராததால் இந்த ஊர்க்காரர்கள் கருவிகளைப் போட்டுவிட்டுக் காவற்சாவடிகளைத் தாண்டி, மன்னர் கோயில்களின் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். அதிகாரிகள் கெஞ்சியும் எழவில்லை. பசி, தாகம், உடையில்லை, எண்ணெயில்லை, மீனில்லை என்று பார்வோனுக்கு எழுதுங்கள் என்றார்கள். எழுத்தர் அமென்னக்த் அதைப் பதிந்துவைத்தார். உலக வரலாற்றில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று அறியப்படும் அந்தப் பாப்பிரஸ் இன்று இத்தாலியின் டூரின் நகரில் இருக்கிறது.

அவர்கள் முறையிட்ட மன்னனின் கோயில் அடுத்த திருப்பத்தில். மெதினெத் ஹபுவின் சுவர்களில் எழுத்துகள் மிக ஆழமாக வெட்டப்பட்டிருக்கின்றன. சில இடங்களில் விரல்கள் முழுதும் உள்ளே போகும். முன்னோரின் பெயர்கள் எப்படிச் சுரண்டப்பட்டன என்பதைப் பார்த்து வளர்ந்த மன்னன், தன் பெயரை எவனும் எடுக்க முடியாதபடி வெட்டச் சொல்லியிருக்கிறான். எழுத்துக் குழிகளில் சிட்டுக்குருவிகள் குடியிருக்கின்றன. வெளிச்சுவரில் கடல் மக்கள் எனப்படும் படையெடுப்பாளர்களோடு நடந்த கப்பல் போர், உள்ளே பகைவரின் வெட்டுண்ட கைகளைக் குவித்து எழுத்தர்கள் எண்ணும் காட்சி. இத்தனை பலம் காட்டியவன் வீட்டுக்குள் வீழ்ந்தான். ஓர் அரசியும் அவள் மகன் பென்டவேரும் அந்தப்புரத்தாரோடு சேர்ந்து சதி செய்தார்கள். 2012-இல் வெளியான ஸ்கேன் ஆய்வு, மம்மியின் கழுத்து எலும்பு வரை அறுக்கப்பட்டிருந்ததைக் காட்டியது. விசாரணைப் பதிவில் குற்றவாளிகள் சிலருடைய உண்மைப் பெயர்களை எழுதவில்லை. சூரியக் கடவுள் வெறுப்பவன் என்ற பொருளில் பெயரைத் திரித்து எழுதினார்கள். உயிரை எடுத்தது போதாது, பெயரையும் எடுக்க வேண்டியிருந்தது.

வெயில் சாயும்போது குழு மறுபடி கிழக்கே. கர்னக் ஒரு கோயிலல்ல, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் மன்னர்கள் சேர்த்துக்கொண்டே போன கோயில் நகரம். முதல் முகப்பின் பின்புறம் கட்டுமானத்துக்குப் போட்ட மண் செங்கல் சாரம் இன்னும் அகற்றப்படாமல் இருக்கிறது. கல்லை இப்படித்தான் மேலேற்றினார்கள் என்பதற்கு அதைவிட விளக்கம் வேண்டாம். பெருமண்டபத்தில் 134 தூண்கள், நடுவரிசைப் பன்னிரண்டும் இருபது மீட்டருக்கு மேல். வடபாதியில் முதலாம் சேத்தியின் சிற்பங்கள் புடைப்பாக, நுணுக்கமாக நிற்கின்றன. தென்பாதியில் மகன் இரண்டாம் ராம்செஸ் ஆழமாக, விரைவாக வெட்டவைத்தவை. தகப்பனின் கையே உயர்ந்தது.

மண்டபத்தைத் தாண்டினால் ஹத்ஷெப்சுத்தின் ஒபிலிஸ்க். அஸ்வானிலிருந்து வந்த ஒரே செங்கருங்கல், ஏறத்தாழ 30 மீட்டர். துத்மோஸ் இதை வீழ்த்தவில்லை, சுற்றிலும் சுவர் எழுப்பி மறைத்தான். அந்தச் சுவரே கீழ்ப்பகுதியை வெயிலிலும் மழையிலும் காத்தது. மறைந்திருந்த பகுதிக்கும் வெளியே நின்ற உச்சிக்கும் நிற வேறுபாடு தெரிகிறது. பின்வரும் ஆண்டுகளில் இதைப் பார்ப்பவர்கள் என்ன சொல்வார்களோ என்ற அரசியின் கவலையையும் அதன் அடியில் வாசிக்கலாம்.

கர்னக்கிலிருந்து லக்சர் கோயில் வரை 2.7 கிலோமீட்டருக்கு ஸ்பிங்க்ஸ் வரிசை. வீடுகளையும் சாலைகளையும் அகற்றி, 2021 நவம்பரில் முழுப் பாதையும் திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஓபெத் திருவிழாவில் அமுன் கடவுள் இப்படி லக்சருக்குப் புறப்பட்டார். கருவறைச் சிலையைத் திரையிட்ட சிறு படகு மண்டபத்தில் வைத்துப் பூசாரிகள் தோளில் சுமந்தார்கள், நம் ஊர் உற்சவர் பல்லக்கில் எழுந்தருளுவதைப் போல. வழியில் மக்கள் கேள்வி கேட்பார்கள். படகு முன்னே சாய்ந்தால் ஆம், பின்னே போனால் இல்லை.

லக்சர் கோயில் வாசலில் ஒரு ஒபிலிஸ்க்தான் நிற்கிறது. மற்றது 1836 முதல் பாரிஸில். உள்ளே போகப் போகக் காலம் மாறுகிறது. மூன்றாம் அமென்ஹோதெப்பின் தூண்களுக்கு அப்பால், கிரேக்கனான அலெக்சாந்தர் பார்வோன் உடையில் அமுனுக்குப் படைக்கிறான், அவன் பெயரும் அரச வளையத்துக்குள் சித்திர எழுத்தில். ரோமர்கள் ஓர் அறையில் பழைய சிற்பத்தின் மேல் சாந்து பூசித் தங்கள் பேரரசர்களை வரைந்தார்கள். முன்முற்றத்தின் மேலே, தூண்களின் உச்சி மட்டத்தில், அபுல் ஹஜ்ஜாஜ் பள்ளிவாசல். 13-ஆம் நூற்றாண்டில் இறந்த சூஃபி ஞானியின் அடக்கத்தலம் அது. கட்டியபோது தரை அங்கே இருந்தது. கீழே ஒரு கோயில் மண்ணுக்குள் கிடந்தது. 1880-களில் தொல்லியலாளர் காஸ்டன் மாஸ்பெரோ மண்ணை அகற்றத் தொடங்கியதும் பள்ளிவாசலின் பழைய கதவு அந்தரத்தில் நின்றது. ஊர் மக்கள் தங்கள் ஞானியை இடம் பெயர்க்கச் சம்மதிக்கவில்லை. சுற்றியிருந்த வீடுகள் போயின, பள்ளிவாசல் நிலைத்தது.

குழு முற்றத்தில் நின்றபோது மாலைத் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். ரமலானுக்கு முந்தைய ஷஅபான் மாதத்தில் இந்த ஞானியின் மவ்லித் விழா என்றார் வழிகாட்டி. சின்ன வயதில் கிஃப்திலிருந்து தகப்பனாரோடு வந்திருக்கிறாராம். மேளம், கம்பாட்டம், குதிரைகள், மிட்டாய்க் கடைகள். வண்ணத் துணி கட்டிய படகுகளைச் சக்கர வண்டியில் ஏற்றி, பிள்ளைகளை அதில் உட்காரவைத்து, அமுனின் கோயிலைச் சுற்றி ஊர்வலமாக இழுத்துப் போவார்கள். அடுத்த முறை அந்த மாதம் பார்த்து வாருங்கள், இரவு முழுக்கத் தெருவில் நிற்கத் தயாராக வாருங்கள் என்று சொல்லிவிட்டு, விழாவின் தேதியை எப்படிக் கணக்கிடுவது என்று விளக்கத் தொடங்கினார்.